அழைத்தலும் ஆராய்தலும்



அழைத்தல் என்னும் சொல் நம்முள் நாள்தோறும் வழங்குவது. கலியாண வீட்டுக்கு அழைத்தாற் போகின்றோம். செத்த வீட்டுக்கு அழையாமலே போகின்றோம். கத்தோலிக்க மக்களிடத்தில் இச்சொல்லுக்குத் தனிப் பொருள் ஒன்று உண்டு. ஓர் இளைஞன் குருவாகும் எண்ணத்தோடு வீட்டை நீங்கிக் குருமடம் புகுந்தால், "அவனுக்குத் தேவ அழைத்தல் உண்டு" என்பார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பெட்டியுடன் திரும்பி வந்தால், "அவனுக்கு அழைத்தல் இல்லை" என்பார்கள். சொல்லுகின்றவர்களுக்கு இரண்டும் எளிய வாக்கியங்கள். சொல்லப்படுகின்றவனுக்கு அவை அவ்வளவு எளியன அல்ல.

அழைப்பவர் இறைவன் என்றால் அவ்வழைப்பைக் கேட்பது எந்தச் செவி? கேட்ட குரல் இறைவனுடையதா, தாயின் ஆசையா, வறுமையின் அச்சமா, தன் மனத்திலேயே எழுந்த எதிரொலியா என்று பிரித்தறிவது எவ்வாறு? குருமாணவர் ஒருவர் இவ்வினாக்களோடு பட்ட பாட்டையும், இவற்றுக்குக் கத்தோலிக்கத் திருச்சபை நெடுங்காலமாகத் தேடிக் கண்ட விடையையும் எடுத்துக் கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

நான் சைவ மரபிற் பிறந்தவன். அரசாங்கப் பாடசாலையின் அதிபர் என்ற முறையில், குருமடம் செல்ல விரும்பும் மாணவர்க்கு நற்சான்றுப் பத்திரம் எழுதும் பொறுப்பு எனக்குப் பலமுறை நேர்ந்ததுண்டு. வங்கிக்கும் திணைக்களத்துக்கும் எழுதும் சான்றில் ஒழுக்கம், வரவு, பரீட்சைப் பெறுபேறு என்னும் மூன்றோடு எழுதுகோலை வைத்துவிடலாம். குருமடத்துக்கு எழுதும்போது அப்படி வைத்துவிட முடிவதில்லை. இவன் தன் விருப்பத்தாற் போகின்றானா என்ற கேள்வி எழுதுகின்றவனுக்கும் எழுந்தே தீரும்.

சைவ நேயர்கட்கு இப்பொருள் புதியதன்று. சுந்தரமூர்த்தி நாயனாரின் திருமணப் பந்தரிலே முதிய வேதியர் ஒருவர் தோன்றி, "நீ எனக்கு அடிமை" என்று வழக்கிட்டதை நாம் அறிவோம். தடுத்தாட்கொள்ளுதல் என்று அதற்குப் பெயரே இட்டு வைத்திருக்கின்றோம். ஆனால் அவ்வரலாற்றில் நாம் விரைந்து கடந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. வந்தவர் இறைவனே ஆயினும் அவர் சொல் அந்த இடத்திலேயே முடிந்த முடிபாகவில்லை. வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. அவையோர் மூல ஓலையை வாங்கிப் படித்தனர். பாட்டனாரின் கையெழுத்தை அவருடைய வேறோர் எழுத்தோடு ஒப்பு நோக்கினர். அதன் பின்பே தீர்ப்புரைத்தனர். அழைப்பு இறைவனிடமிருந்து வந்ததாயினும் அதனை ஆராய ஓர் அவை வேண்டியிருந்தது. கத்தோலிக்கர் கூறும் தேவ அழைத்தலை விளங்கிக்கொள்வதற்கு இதனினும் அணுக்கமான வாயில் எனக்குத் தெரியவில்லை.

இனி, நான் குறிப்பிட்ட குருமாணவரைப் பற்றிச் சொல்லுகின்றேன். என்னிடம் உயர்தர வகுப்பிற் பயின்றவர். அவருடைய இசைவைப் பெற்று, பெயரையும் ஊரையும் விடுத்து, அவர் விடுமுறை நாட்களில் வந்து சொன்னவற்றையும் கடிதங்களில் எழுதியவற்றையும் என் சொற்களிற் சுருக்கித் தருகின்றேன்.

அவர் மூன்று வயதுக் குழந்தையாய் இருந்தபோது கடுங்காய்ச்சல் கண்டு பிழையார் என்று கைவிடப்பட்டார். தாயார் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தார்: பிள்ளை பிழைத்தால் அவன் கோயிலுக்கே உரியவன் என்பது நேர்த்தி. பிள்ளை பிழைத்தது. அன்று முதல் அவ்வீட்டில் அவர் சுவாமியாராகவே வளர்ந்தார். சகோதரர் பட்டம் விட ஓடினால் அவர் பூசைக்கு உதவி செய்யப் போவார். பிற்காலத்தில் என்னவாக விரும்புகின்றாய் என்று ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் அவர்களுக்குத் தோன்றவில்லை. பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றார். பல்கலைக்கழகம் புகக்கூடிய பெறுபேறு. குருமடம் புகுந்தார்.

முதலாண்டு இனிமையாய்க் கழிந்ததாம். விடியுமுன் அடிக்கும் மணியும், சிற்றாலயத்தின் அமைதியும், சங்கீதங்களை இரு பக்கமாய்ப் பிரிந்து மாறி மாறி ஓதும் ஓசையும் அவரை ஆட்கொண்டன. இரண்டாம் ஆண்டில் அந்த இனிமை வற்றியது. நாக்கு ஓதுகின்றது, நெஞ்சு உலர்ந்து கிடக்கின்றது என்று எழுதினார். கார்மேலியத் துறவியும் ஞானியுமான சிலுவை அருளப்பர் 16ஆம் நூற்றாண்டிலேயே இந்த வறட்சியை ஆன்மாவின் இருண்ட இரவு என்று விரித்துரைத்திருக்கின்றார் என்பதை வகுப்பிற் படித்தார். ஆனால் தமக்கு நேர்ந்தது ஞானியின் இரவா, வெறும் சலிப்பா என்று அவருக்குத் துணியக் கூடவில்லை.

அத்தோடு மெய்யியற் படிப்பும் வந்து சேர்ந்தது. குருமடம் என்றால் செபமாலையும் பாட்டும் என்று எண்ணுவோர்க்கு இது வியப்பாயிருக்கும். தோமா அக்குவினாஸ், இறைவன் உளன் என்பதற்கு ஐந்து வழிகள் கூறுவதற்கு முன்னே, இலன் என்பார் கூற்று இரண்டினை எடுத்து வைக்கின்றார். எல்லையற்ற நன்மை ஒன்று உண்டாயின் தீமை ஏன் உண்டு என்பது ஒன்று; உலக நிகழ்ச்சிகளை இயற்கையாலும் மனித அறிவாலுமே விளக்கிவிடலாமே, இறைவன் எதற்கு என்பது மற்றொன்று. நம் மாணவருக்கு இவ்விரண்டும் உடனே விளங்கின. ஐந்து வழிகள் விளங்கவில்லை. குருவாகப் போகின்றவன் மறுப்பை மட்டும் விளங்கிக்கொண்டு இருக்கின்றானே என்று இரவு முழுதும் உறங்காதிருந்தாராம். எனக்கோ இதிற் பெருமதிப்புத் தோன்றிற்று. பூர்வபக்கம் கூறிப் பின் சித்தாந்தம் நாட்டும் நம் நூலாசிரியர் முறையும் இதுவேயன்றோ? எதிர்க்கட்சியை அதன் முழு வலிமையோடும் மாணவனுக்குக் கற்பிக்கும் நிலையம் தன் கட்சியில் ஓரளவு நம்பிக்கை உடையதாகத்தான் இருத்தல் வேண்டும்.

ஆயினும் அவரை மிக வருத்தியது மெய்யியல் அன்று. விடுமுறையில் ஊருக்கு வந்தபோது வெள்ளை அங்கியைக் கண்டு ஊரிலே வயது முதிர்ந்தோரும் எழுந்து நின்றனர். வீட்டிற் கூரை ஒழுகுகின்றது. குருமடத்தில் மூன்று வேளை உணவும் நூல்நிலையமும் உண்டு. இந்த மரியாதையையும் இந்த உறுதிப்பாட்டையுமா நான் நாடிப் போனேன் என்று தம்மைத் தாமே கேட்டார். இறுதியாக, எல்லாவற்றிற்கும் அடியிலே கிடந்த வினா மேலே வந்தது: நான் பேசத் தெரியாத நாளில் அம்மா வைத்த நேர்த்தி என்னைக் கட்டுமா?

இவ்வினாவோடு அவர் தம் ஆன்ம குருவிடம் சென்றார். அவர் இரண்டு மறுமொழி தந்தார். முதலாவது சட்டம். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பொருத்தனை என்பது அதன் இயல்பாலேயே அதனைச் செய்தவரை மட்டும் கட்டும் என்று கூறுகின்றது. தாய் வைத்த நேர்த்தி தாயைக் கட்டும், மகனைக் கட்டாது. இரண்டாவது, பழைய ஏற்பாட்டிலுள்ள சாமுவேலின் வரலாறு.

பிள்ளையில்லாத அன்னாள் சீலோவிலிருந்த ஆலயத்திற் பொருத்தனை செய்து பிள்ளை பெறுகின்றாள். பால் மறந்ததும் அப்பிள்ளையை ஆலயத்திலே முதிய குருவாகிய ஏலியிடம் ஒப்படைக்கின்றாள். இது வரையில் நம் மாணவரின் கதையேதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஆலயத்தில் வளர்ந்த அச்சிறுவனை இரவிலே ஒரு குரல் பெயர் சொல்லி அழைக்கின்றது. ஏலிதான் அழைத்தார் என்று எண்ணி அவன் ஓடுகின்றான். நான் அழைக்கவில்லை, போய்ப் படு என்கிறார் முதியவர். மும்முறை இப்படியே நிகழ்கின்றது. மூன்றாம் முறைதான் ஏலிக்கே உண்மை புலனாகி, மறுமொழி சொல்ல வேண்டிய முறையைச் சிறுவனுக்குக் கற்பிக்கின்றார். தாயின் நேர்த்தி பிள்ளையை ஆலய வாசல் வரையிற் கொண்டு வந்தது. ஆயினும் இறைவன் அவனைத் தனியே அழைத்தார். அவன் தானே விடை சொல்ல வேண்டியிருந்தது. அக்குரலை இன்னார் குரல் என்று அறிந்துகொள்ள, கண் மங்கிய கிழவர் ஒருவரின் துணையும் வேண்டியிருந்தது.

அவ்வாண்டு நத்தார் விடுமுறையில் மாணவர் தம் தாயாரிடம் உண்மையைச் சொன்னார்: உங்கள் நேர்த்திக்காக நான் குருவாக முடியாது, அம்மா. தாயார் இரண்டு நாள் அவரோடு பேசவில்லையாம். மூன்றாம் நாள், என்னுடையதை நான் கொடுத்துவிட்டேன், உன்னுடையதை நீதான் கொடுக்க வேண்டும் என்றாராம். எழுத்தறிவு குறைந்த அத்தாயாரின் கூற்றுக்கும் சட்டத் தொகுப்பின் கூற்றுக்கும் வேற்றுமை எதுவும் நான் காணவில்லை. மாணவர் குருமடம் திரும்பினார். இம்முறை தாமாகவே சென்றார்.

இனி, திருச்சபை இவ்விடயத்தில் எவ்வாறு தெளிவு பெற்றது என்பதைச் சிறிது பார்ப்போம். பண்டை நாளில் அழைத்தல் என்பது பெரும்பாலும் வெளியிலிருந்தே வந்தது. 391ஆம் ஆண்டில் ஆபிரிக்காவின் ஹிப்போ நகரத்துக் கோயிலுக்கு வழிபாட்டுக்கு வந்த அகுஸ்தீனாரை மக்கள் பிடித்து நிறுத்தி, இவரையே குருவாக்க வேண்டும் என்று மேற்றிராணியாரை வற்புறுத்தினர். அகுஸ்தீனார் அழுதார். மேற்றிராணியார் பதவி கிடைக்காமையால் அழுகின்றார் என்று எண்ணிச் சிலர் ஆறுதல் கூறினராம்! ஊர் அழைத்தது, அவர் உள்ளம் அழைப்பை நாடியிருக்கவில்லை. எனினும் அவரைப் போன்ற குருவை மேலைத் திருச்சபை பின்னர் எளிதிற் கண்டதில்லை.

குருமடம் என்னும் நிலையம் பிற்காலத்தது. 1563ஆம் ஆண்டு யூலை 15இல் திரெந்து பொதுச்சங்கம் ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் குருமாணவர்க்கென ஓர் இல்லம் அமைக்க வேண்டும் என்று விதித்தது. பன்னிரண்டு வயதேனும் நிரம்பியவராய், எழுதப் படிக்கத் தெரிந்தவராய் இருத்தல் வேண்டும். ஏழைகளின் பிள்ளைகளைச் சிறப்பாகச் சேர்க்க வேண்டும். செல்வர் பிள்ளைகள் தம் செலவில் வரலாம் என்றெல்லாம் வகுத்தது. அவ்வில்லத்துக்குச் சங்கம் இட்ட இலத்தீன் பெயரின் பொருள் நாற்றுமேடை என்பதாகும். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. மேடையில் முளைத்தவை எல்லாம் பிடுங்கி நடப்படுவதில்லை. நடப்படாத கன்றைப் பழிப்பாரும் இல்லை.

குருமடங்கள் பெருகியபின் கவனம் உள்முகமாய்த் திரும்பிற்று. உள்ளத்தில் இறைவன் தூண்டும் ஒருவகை ஈர்ப்பே அழைத்தல் என்ற கருத்து, சிறப்பாகப் பிரான்சிலே வேரூன்றியது. அதன் விளைவு யாது? மென்மையான உள்ளம் படைத்த மாணவன், அந்த ஈர்ப்பு என்னிடம் உண்டா, நேற்று இருந்தது இன்று எங்கே என்று தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்து நோயாளியானான். உணர்ச்சி மிக்கவனோ, தகுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எனக்கு அழைப்பு வந்துவிட்டது, என்னை யார் தடுப்பது என்று நின்றான். 1909ஆம் ஆண்டில் யோசேப்பு லாஹித்தோன் என்னும் பிரெஞ்சுக் குரு இக்கருத்தை மறுத்து ஒரு நூல் எழுதினார். பெரும் வாதம் மூண்டது. பத்தாம் பத்திநாதர் என்னும் பாப்பரசர் கருதினால்மார் குழுவொன்றை அமைத்தார். அக்குழு 1912இல் லாஹித்தோனின் பக்கமே தீர்ப்பளித்தது. அதன் சாரம் இது: மேற்றிராணியார் தெரிந்தெடுக்குமுன் எவருக்கும் குருப்பட்டத்துக்கு உரிமை இல்லை. உள்ளத்து ஈர்ப்பு இருந்தேயாக வேண்டும் என்பதும் இல்லை. நேரிய நோக்கமும், இயல்பாலும் அருளாலும் அமைந்த தகுதியும் இருந்தாற் போதும்.

இத்தீர்ப்பு வறண்ட சட்டம் போலத் தோன்றலாம். எனக்கோ இதில் ஒரு பேரிரக்கம் தெரிகின்றது. இனிமை வற்றிய குருமாணவனிடம் இது சொல்வது என்ன? உன் நெஞ்சு இன்று உலர்ந்திருக்கின்றதா என்பதன்று கேள்வி. எதற்காக வந்தாய், அப்பணிக்கு ஏற்றவனாய் இருக்கின்றாயா என்பவையே கேள்வி என்கின்றது. நம் மாணவர் வார இறுதிப் பணிக்காக மருத்துவமனை ஒன்றுக்கு அனுப்பப்பட்டார். அங்கே உறவினர் வராத முதியவர் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. பத்தி உணர்ச்சி எதுவும் எனக்கு எழவில்லை, ஆனால் எழுந்து போகவும் மனம் வரவில்லை என்று ஆன்ம குருவிடம் கூறினாராம். அதனைக் குறித்து வைத்துக்கொள் என்றாராம் அவர். செபத்தில் எழுந்த கண்ணீரை எல்லாம் விட்டு இதனைக் குறிக்கச் சொன்ன அந்தக் குருவானவர் 1912ஆம் ஆண்டுத் தீர்ப்பை நன்றாக உணர்ந்தவர்.

தகுதி என்றதும் பரீட்சைப் புள்ளி நினைவுக்கு வருவது எம் போன்றோர் தொழிற் குணம். பிரான்சு நாட்டு யோவான் மரிய வியான்னி, உழவர் மகன், இருபது வயதளவில் இலத்தீன் தொடங்கியவர். 1813இல் லியோன் நகரப் பெரிய குருமடம் புகுந்து, இலத்தீன் வராமையால் வெளியேற்றப்பட்டார். அவரைக் கைவிடாது தாமே கற்பித்து, மீண்டும் மீண்டும் அதிகாரிகளிடம் வாதாடியவர் எக்குல்லி ஊர்ப் பங்குக் குருவாகிய பல்லே என்பவர். 1815இல் வியான்னி குருப்பட்டம் பெற்றார். 1818 முதல் 1859இல் இறக்கும்வரை ஆர்ஸ் என்னும் சிற்றூரிற் பணி செய்தார். அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் திரண்டனர். 1925இற் புனிதராகவும், 1929இற் பங்குக் குருக்களின் பாதுகாவலராகவும் அறிவிக்கப்பட்டார். பரீட்சகர் கண்டது ஒன்று. பக்கத்திலிருந்து பார்த்த பல்லே கண்டது வேறொன்று.

நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம். ஒல்லாந்தர் ஆட்சியிற் கத்தோலிக்கக் குருக்களுக்கு இத்தீவில் இடமில்லை. குருவின்றி மக்கள் தவிக்கின்றனர் என்று கோவையிற் கேள்வியுற்ற யோசேவ் வாஸ் அடிகள், 1687இல் எளிய கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 1711இற் கண்டியிற் காலமானார். 2015 சனவரி 14இல் கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிசு அவரைப் புனிதராக உயர்த்தினார். பிறர் தேவையே அவருக்கு அழைப்பாயிற்று. ஆயினும் கடல் கடந்து குருக்கள் வரவேண்டும் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. 1893இற் பதின்மூன்றாம் சிங்கராயர் என்னும் பாப்பரசர், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாய்க் கண்டிக்கு அண்மையிலுள்ள அம்பிட்டியில் ஒரு குருமடம் நிறுவினார். பெல்ஜிய நாட்டு இயேசு சபையார் அதனை நடத்தினர். இந்நாட்டு மக்களுக்கு இந்நாட்டு மைந்தரே குருக்களாதல் வேண்டும் என்பது நோக்கம். 1955இல் அது இந்தியாவின் பூனா நகருக்கு மாற்றப்பட, அம்பிட்டியில் இலங்கைக்குரிய தேசிய குருமடம் அமைந்தது. யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையிலும் புனித பிரான்சிஸ் சவேரியார் பெயரிற் பெரிய குருமடம் ஒன்று நடைபெறுகின்றது.

தமிழ் கற்றோர் போற்றும் இருவர் இவ்வழியில் வந்தவர்கள். மானிப்பாயில் 1875இற் சைவக் குடும்பத்திற் பிறந்த வைத்தியலிங்கம், புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞர் பதவி பெற்றார். அக்காலத்தில் அரசாங்க உத்தியோகம் என்றால் யாழ்ப்பாணத்தில் எத்தகைய மதிப்பு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதனை 1895இல் விட்டுக் குருமடம் புகுந்து 1901இற் குருவானார். அவரே நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். மற்றவர் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகள். கொழும்பிலும் உரோமையிலும் குருத்துவக் கல்வி பெற்று 1938இற் குருவானவர். தமிழை ஆழ்ந்து கற்கத் தொடங்கியதோ அதன் பின்பு, திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்திற் பாடசாலைப் பணி ஏற்ற காலத்தில். உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் தோற்றத்துக்கு 1964இல் முன்னின்ற அவர், குருப்பட்டம் பெற்ற நாளில் அப்பணியை எதிர்நோக்கியிருக்க வழியில்லை. ஓர் அழைப்புக்குள்ளே மற்றோர் அழைப்பு இருந்து, உரிய காலத்தில் வெளிப்படுவதும் உண்டு போலும்.

இன்றைய முறையைச் சுருக்கமாய்ச் சொல்லுகின்றேன். மெய்யியலும் இறையியலும் சேர்ந்து ஆறு முழு ஆண்டுகளுக்குக் குறையாமற் கற்றல் வேண்டும். இருபத்தைந்து வயது நிரம்பாமற் குருப்பட்டம் இல்லை. அதற்கு ஆறு மாதமேனும் முன்னதாகத் தியாக்கோன் பட்டம் பெற்றிருக்க வேண்டும். இவை யாவரும் அறிந்தவை.

அதிகம் அறியப்படாத விதி ஒன்றுதான் பாடசாலை நடத்துகின்ற என்னை மிகக் கவர்ந்தது. குருமடத்தில் மாணவனை இருவர் அறிவர். ஒருவர் அதிபர்; அவரும் எம்மைப் போல் அதிபர் என்றே அழைக்கப்படுகின்றார். மாணவனின் படிப்பு, பழக்கம், கீழ்ப்படிவு, உடல்நலம் முதலியவற்றைக் கண்டு மேற்றிராணியாருக்கு அறிக்கை செய்வார். மற்றவர் ஆன்ம குரு. மாணவன் தன் ஐயங்களையும் தடுமாற்றங்களையும் திறந்து காட்டுவது அவரிடம். இம்மாணவனைப் பட்டத்துக்கு ஏற்கலாமா, வெளியேற்றலாமா என்று முடிவு செய்யும்போது ஆன்ம குருவின் கருத்தையும் பாவசங்கீர்த்தனம் கேட்ட குருவின் கருத்தையும் ஒருபோதும் கேட்டலாகாது என்று சட்டம் தடுத்துள்ளது. ஆம், மாணவனை எல்லாரினும் நன்கு அறிந்தவரின் கருத்தையே கேட்கக்கூடாது! முதலிற் கேட்பவர்க்கு இது விந்தையாயிருக்கும். ஆயினும் எண்ணிப் பாருங்கள். ஐயத்தைச் சொன்னாற் பட்டம் போய்விடும் என்ற அச்சம் இருக்குமாயின் எந்த மாணவன் ஐயத்தைச் சொல்லுவான்? ஐயம் உள்ளேயே இருந்து புழுக்கும். குருவான பின் வெடிக்கும். எம் பாடசாலைகளில் மாணவன் ஆசிரியரிடம் அந்தரங்கமாய்ச் சொன்னது மறுநாட் காலை ஆசிரியர் அறை முழுவதும் உலாவுவதை நினைத்து நான் நெடுமூச்செறிந்தேன்.

கட்டாயத்தைப் பற்றியும் சட்டம் தெளிவாய் உள்ளது. எவரையும் எவ்வகையிலும் எக்காரணத்துக்காகவும் பட்டம் பெறும்படி வற்புறுத்தலாகாது. தாமாகவும் முழு விருப்பத்தோடும் இதனை ஏற்கின்றேன் என்று பட்டம் பெறுகின்றவர் தம் கைப்பட எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்தல் வேண்டும். தியாக்கோன் பட்டத்துக்கு முன் ஒரு முறை, குருப்பட்டத்துக்கு முன் மறுமுறை. அச்சிட்ட தாளில் ஒப்பமிட்டாற் போதாது. கைப்பட எழுதும்போது ஒவ்வொரு சொல்லும் கையின் வழியே போகின்றது. எழுத்துப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியருக்கு இதன் அருமை தெரியும்.

திருவெண்ணெய்நல்லூர் அவைக்கு ஒப்பான ஒன்றும் உண்டு. திருமணத்துக்கு ஓலை வாசிப்பது போலப் பட்டம் பெற இருப்பவர் பெயரையும் அவர் பங்குக் கோயிலில் அறிவிப்பது பழைய வழக்கம். தடை அறிந்தவர் சொல்லலாம். பட்டமளிப்புச் சடங்கிலும் அவ்வாராய்வு ஒலிக்கின்றது. பெயர் சொல்லி அழைக்கப்படுகின்றார். இதோ இருக்கின்றேன் என்று முன்வருகின்றார். அன்றிரவு சீலோவிலே சாமுவேல் ஏலியிடம் ஓடி வந்து சொன்ன சொல்லும் அதுவே. உடனே மேற்றிராணியார், இவர் தகுதியுடையவர் என்று அறிவீரா என வினவுகின்றார். மக்களிடம் விசாரித்தும் பொறுப்பாளர் கருத்தை அறிந்தும் தகுதியுடையவராகக் கண்டோம் என்று மறுமொழி வந்த பின்னரே தெரிவு நிகழ்கின்றது. கைகளை விரித்து முகங்குப்புற நிலத்திற் கிடப்பதும், புனிதர் மன்றாட்டு மாலை பாடுவதும், சொல்லொன்றும் இல்லாமல் தலைமேற் கை வைப்பதும் அதன் பிறகு.

இத்தனை ஆராய்வு வைத்த திருச்சபை, இடையிலே ஆம் என்பது போல் இல்லை என்பதும் விடையாகலாம் என்று ஒப்புக்கொண்டே வைத்திருக்கின்றது. ஒப்புக்கொள்ளாதவர்கள் நாம்தாம். திரும்பி வந்த இளைஞனைச் சந்தியில் மறித்து, என்ன நடந்தது என்று கேட்பவர் உண்டு. அவன் தங்கைக்குப் பேசிவந்த சம்பந்தம் தளர்ந்ததும் உண்டு. இதற்கு அஞ்சியே, போகலாமா என்று எண்ணியவன் போகாமல் இருந்துவிடுவானாயின், ஊரார் தம் வாயினாலே ஒரு பொய்க் குருவை ஆக்கியவர் ஆவர். சட்டம் தடுத்த அதே வற்புறுத்தல் வேறு வாசலால் உள்ளே நுழைந்துவிடும்.

எனக்குத் தெரிந்த தமிழாசிரியர் ஒருவர் ஐந்தாண்டு குருமடத்தில் இருந்து, தம் ஆன்ம குருவின் ஆசியோடு வெளியேறியவர். இன்று மனைவியும் மூன்று பிள்ளைகளும் உடையவர். முதல் மணிக்கு முன் வகுப்பில் இருப்பார். கட்டுரைக் கொப்பிகளைத் திருத்தாமல் வீட்டுக்குப் போகமாட்டார். அங்கே கற்ற இலத்தீன் இலக்கணம் தமக்குத் தொல்காப்பிய வேற்றுமையியலை விளக்கிற்று என்பார். ஆண்டுதோறும் உயிர்ப்புக் காலத்தின் நான்காம் ஞாயிற்றைத் தேவ அழைத்தலுக்காக வேண்டுதல் செய்யும் நாளாகக் கத்தோலிக்கர் அனுட்டித்து வருகின்றனர். அன்று அவருடைய ஊர்க் கோயிலில் வேதவாசகம் வாசிப்பவர் அவரே.